செயற்கைக்கோள் தடுமாறும்போது: விண்வெளிப் பிளாஸ்மா தரும் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

யாரும் கட்டளை இடாமலேயே செயற்கைக்கோள் தன் கருவி ஒன்றை அணைத்துவிடுகிறது. அல்லது சூரியத் தகட்டின் மின்னோட்டம் ஒரு படி இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்குக் கிடைப்பது இத்தகைய அறிகுறி மட்டுமே. பழுதான பாகத்தைக் கழற்றிப் பார்க்க வழியில்லை. வெற்றிடம் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் அந்த இடம், எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த பிளாஸ்மாவால் நிரம்பியது என்பதால், பழியை உடனே விண்வெளி வானிலையின்மேல் போட்டுவிடும் பழக்கமும், அதற்கு நேர்மாறாகப் பிளாஸ்மாவை எண்ணிப் பார்க்கவே பார்க்காத பழக்கமும் ஒருசேர நிலவுகின்றன. இரண்டுமே தவறான மருத்துவத்தில் கொண்டுபோய் விடுகின்றன. கோளாறு எந்த நேரத்தில், சுற்றுப்பாதையின் எந்த இடத்தில், எத்தனை நிமிட அல்லது எத்தனை நாள் தாமதத்துக்குப் பின் நிகழ்ந்தது என்பதைச் சரியாகக் கேட்டால், பெரும்பாலான கோளாறுகள் தம் காரணத்தைத் தாமே சொல்லிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

எதையும் தொடுவதற்கு முன்

மின்கலம் வடிந்துகொண்டிருந்தாலோ, திசைநிலை கெட்டு ஆன்டெனா பூமியை விட்டு விலகிக்கொண்டிருந்தாலோ, முதலில் செயற்கைக்கோளைக் காப்பாற்றுங்கள். அப்படிப்பட்ட அவசரம் இல்லையென்றால் மீட்புக் கட்டளைகளைச் சற்று நிறுத்திவைத்து, கோளாறுக்கு முந்தைய சில மணி நேர டெலிமெட்ரியை, அதாவது செயற்கைக்கோள் தன் நிலையைப் பற்றித் தரைக்கு அனுப்பும் அளவீடுகளை, முழு நுணுக்கத்தோடு சேமியுங்கள். கருவியை ரீசெட் செய்த மறுகணமே அழிந்துபோகும் நிலைக்குறிகள் பல உண்டு.

அடுத்து, நிகழ்ந்த நேரத்தை உலகப் பொது நேரத்தில் நொடி வரை குறித்துக்கொண்டு, செயற்கைக்கோள் இருந்த இடத்தின் உள்ளூர் நேரமாக அதை மாற்றுங்கள். கிழக்குத் தீர்க்கரேகையின் ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிடம் கூட்ட வேண்டும். மேற்காக இருந்தால் கழிக்க வேண்டும். கிழக்கே 83 பாகையில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு (பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றி, ஒரே இடத்தின் மேலே நிற்பதாகத் தோன்றுவது) உள்ளூர் நேரம் ஏறத்தாழ இந்திய நேரமாகவே அமைந்துவிடும். ஆனால் 55 பாகையில் நிற்பதற்கு உள்ளூர் நள்ளிரவு என்பது இந்திய நேரப்படி பின்னிரவு 1.50 மணி. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் உடனிருந்த ஓர் ஆய்வில், பதிவேட்டில் ஒருவர் இந்திய நேரத்தையும் இன்னொருவர் உலகப் பொது நேரத்தையும் எழுதியிருந்தார்கள். எது எது என்று யாரும் குறிக்கவில்லை. அந்த ஐந்தரை மணி நேர வேறுபாடு தெரியவரும் வரை, நள்ளிரவில் நடந்த ஒன்றை மாலையில் நடந்ததாக எண்ணி நாங்கள் பல நாள்களை வீணாக்கினோம்.

மூன்றாவதாக, சூழலைப் பற்றிய தரவுகளைச் சேகரியுங்கள்: புவிகாந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி குறியெண், புவிநிலைப் பாதையில் 20 லட்சம் எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களின் பாய்வு, புரோட்டான் பாய்வு, சூரியக் காற்றின் வேகம். சூரியக் காற்றை ஆதித்யா-எல்1 போன்ற விண்கலங்கள் பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கி.மீ. தொலைவில் அளக்கின்றன, நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வரும் காற்று அங்கிருந்து பூமியை அடைய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த இடைவெளியைக் கணக்கில் சேர்க்காமல் வரைபடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

அறிகுறி: கட்டளை அனுப்பாமலேயே நிலை மாறுகிறது, உள்ளூர் நேரம் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையே

முதலில் உங்கள் தரைநிலையத்தின் கட்டளைப் பதிவையும், அதே செயற்கைக்கோளுக்குக் கட்டளை அனுப்ப உரிமையுள்ள மற்ற நிலையங்களின் பதிவுகளையும் பாருங்கள். ஆவிக் கட்டளை என்று பெயர் சூட்டப்பட்டவற்றில் சில, பக்கத்து அறையிலிருந்து போனவையாக இருக்கும். பதிவுகள் தெளிவாக இருந்தால், புறப்பரப்பு மின்னேற்றத்தை முதல் சந்தேகமாகக் கொள்ளுங்கள்.

பிளாஸ்மாவில் மூழ்கிய எந்தப் பொருளும், தன்மேல் வந்து சேரும் மின்னோட்டமும் தன்னைவிட்டுப் போகும் மின்னோட்டமும் சமமாகும் வரை தன் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரான் புரோட்டானைவிட 1836 மடங்கு எடை குறைந்தது என்பதால், ஒரே வெப்பநிலையில் அதன் வேகம் ஏறத்தாழ 43 மடங்கு அதிகம். ஆகவே, தடுக்க வேறொன்றும் இல்லையென்றால் பொருள் எதிர்மின் அழுத்தத்துக்குப் போகும். வெயிலில் அதைத் தடுப்பது ஒளிமின் விளைவு. சூரிய ஒளி பட்ட பரப்பிலிருந்து சதுர மீட்டருக்குப் பல பத்து மைக்ரோஆம்பியர் அளவுக்கு எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன, வந்து சேர்பவை அதைவிட மிகக் குறைவு. அதனால் வெயில்பட்ட பரப்பு சில வோல்ட் நேர்மின் நிலையிலேயே அமைதியாக இருக்கும். பூமியின் நிழலுக்குள் போன மறுகணம் இந்தக் காப்பு மறைந்துவிடுகிறது. 1969-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஏடிஎஸ்-5 செயற்கைக்கோள் நிழலில் ஏறத்தாழ 10,000 வோல்ட் எதிர்மின் அழுத்தத்தை அடைந்தது. அதன் பின்வந்த ஏடிஎஸ்-6 ஏறத்தாழ 19,000 வோல்ட் வரை போனது.

நள்ளிரவு முதல் விடியல் வரை என்ற கணக்கும் இங்கிருந்தே வருகிறது. புவிகாந்தத் துணைப்புயல் என்ற குறுகிய நேரக் கலக்கத்தின்போது, சூரியனுக்கு எதிர்ப்புறம் நீண்டிருக்கும் பூமியின் காந்தவாலிலிருந்து சூடான எலக்ட்ரான்கள் நள்ளிரவுப் பக்கத்தில் உள்ளே தள்ளப்படுகின்றன. அவை கிழக்கு நோக்கி, அதாவது விடியலை நோக்கி, நகர்கின்றன. மாலைப் பக்கத்தில் நிற்கும் செயற்கைக்கோளை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை.

உடல் முழுவதும் ஒரே அளவில் மின்னேற்றம் அடைந்தால் கேடு எதுவுமில்லை. உயர் அழுத்தக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் ஆகாததைப் போன்றதே அது. ஒரே செயற்கைக்கோளின் இரண்டு பகுதிகள் வெவ்வேறு அழுத்தத்தில் நின்றால்தான் ஆபத்து. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நோய் கண்டறிதலுக்கு மிகவும் உதவும். விண்வெளியில் தனித்து மிதக்கும் 1 மீட்டர் ஆரமுள்ள உலோகக் கோளத்தின் மின்தேக்குதிறன் 111 பிக்கோஃபாரட் மட்டுமே. அதன்மேல் சதுர மீட்டருக்கு 1 மைக்ரோஆம்பியர் விழுந்தால், 1000 வோல்ட் ஏற நூறில் ஒரு பங்கு நொடி போதும். அதே மின்னோட்டம், உலோகச் சட்டத்தின்மேல் ஒட்டிய 0.1 மி.மீ. தடிமனுள்ள கப்டான் என்ற காப்புப் பிளாஸ்டிக் தாளில் விழுந்தால், தாளின் மேற்பரப்புக்கும் சட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு நொடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வீதமே ஏறும். 1000 வோல்ட்டை எட்ட 5 நிமிடம் ஆகும். அந்தத் தடிமனில் 1000 வோல்ட் என்பது மீட்டருக்கு 1 கோடி வோல்ட். காப்புப் பொருள்கள் உடைபடத் தொடங்கும் அளவு ஏறத்தாழ அதுதான். எனவே புறப்பரப்பு மின்னிறக்கம், துணைப்புயல் தொடங்கிய நொடியிலேயே வராமல், சில நிமிடங்கள் முதல் சில பத்து நிமிடங்கள் வரை தாமதித்து வரும். நிழலிலிருந்து வெளிவரும் தருணமும் அபாயமானது: உலோகச் சட்டம் வெயில் பட்டவுடன் நேர்மின் பக்கம் தாவிவிடும், நிழல்பட்ட காப்புப் பரப்புகள் பழைய எதிர்மின் அழுத்தத்திலேயே நிற்கும்.

இந்த அளவுகோலை கேலக்ஸி-15 செயற்கைக்கோளில் பொருத்திப் பாருங்கள். 2010 ஏப்ரல் 5 அன்று உலகப் பொது நேரம் 9.48 மணிக்கு அது கட்டளைகளை ஏற்பதை நிறுத்தியது. அது நின்ற இடம் மேற்கே 133 பாகை. 133-ஐ நான்கால் பெருக்கினால் 532 நிமிடம், அதாவது 8 மணி 52 நிமிடம். அதைக் கழித்தால் உள்ளூர் நேரம் நள்ளிரவு 12.56. ஏப்ரல் தொடக்கம் புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்குக் கிரகணப் பருவம். நள்ளிரவை ஒட்டி அது நிழலில் இருந்து, சற்று முன்புதான் வெளியே வந்திருந்தது. அன்று காலை கடுமையான துணைப்புயல் ஒன்றும் பதிவாகியிருக்கிறது. இடம், நேரம், சூழல் ஆகிய மூன்றும் ஒரே திசையில் கைகாட்டும் நிகழ்வு இது. திசைநிலை கலையாததால் அலைவாங்கி அலைபரப்பிகள் இயங்கிக்கொண்டே இருக்க, அந்தச் செயற்கைக்கோள் கிழக்கு நோக்கி நகர்ந்து அயலாரின் இடங்கள் வழியே போயிற்று. அதே அலைவரிசையில் இயங்கிய மற்றச் செயற்கைக்கோள்கள் குறுக்கீட்டைத் தவிர்க்கப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. டிசம்பர் 23 அன்று மின்கலம் முற்றும் வடிந்து, மின்சாரம் நின்று, கணினி தானாகவே மறுதொடக்கம் ஆன பின்னரே அது கட்டுக்குள் வந்தது.

செய்ய வேண்டியவை: மாறிய நிலையைத் திருப்பும் கட்டளையை ஒருமுறை அனுப்பி, டெலிமெட்ரியில் இருமுறை உறுதிசெய்யுங்கள். உடனே மாற்றுச் சுற்றுக்குத் தாவாதீர்கள். மின்னிறக்கம் பெரும்பாலும் தர்க்கச் சுற்றைக் குழப்புமே தவிர எரித்துவிடாது. திரும்பப் பெற முடியாத கட்டளைகளை, குறிப்பாக உந்துபொறியை இயக்குபவற்றை, உள்ளூர் காலை வரும் வரை தள்ளிப்போடுங்கள். பிளாஸ்மா உமிழி இருந்தால் அதை இயக்குங்கள். எலக்ட்ரான்களை மட்டும் உமிழும் கருவி உலோகச் சட்டத்தின் அழுத்தத்தைக் குறைக்குமே ஒழிய, காப்புப் பரப்பில் படிந்த மின்னூட்டத்தைத் தீர்க்காது. அயனிகளும் கலந்த பிளாஸ்மாவே பரப்பெங்கும் பரவி அதை ஆற்றும் என்பதை ஏடிஎஸ் சோதனைகளே காட்டிவிட்டன. கட்டளை வராமல் குறிப்பிட்ட நாள்கள் கடந்தால் தானே மறுதொடக்கம் செய்யும் காவல் கடிகாரத்தை அடுத்த செயற்கைக்கோளில் கட்டாயம் வையுங்கள்.

அமெரிக்க ராணுவத்தின் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்று 1973 ஜூன் 2 அன்று இதே காரணத்தால் முற்றிலும் செயலிழந்தது. அதை ஆராயவே ஸ்காத்தா என்ற தனி ஆய்வுச் செயற்கைக்கோள் 1979 ஜனவரியில் ஏவப்பட்டது. உள்ளூர் நேரத்தைப் பார்க்க வேண்டும் என்ற பாடம் அரை நூற்றாண்டுப் பழமையானது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அறிகுறி: அதே மாதிரியான மாற்றம், ஆனால் பகலிலும் நிகழ்கிறது, புயல் ஓய்ந்து சில நாள் கழித்து நிகழ்கிறது

இது உள்மின்னேற்றம் என்ற வேறு நோய். இங்கே குற்றவாளிகள் பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட்டும் அதற்கு மேலும் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள். ஐந்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் அலுமினியத்தில் ஏறத்தாழ 0.8 மி.மீ. ஊடுருவும், பத்து லட்சமானால் 2 மி.மீ.; இருபது லட்சமானால் நாலரை மி.மீ. செயற்கைக்கோளின் சுவரைக் கடந்து, கம்பியின் காப்புறையிலும் மின்சுற்றுப் பலகையிலும் அவை தங்கிவிடுகின்றன. நல்ல காப்புப் பொருள்களில் படிந்த மின்னூட்டம் கசிந்து வெளியேற நாள்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கிலும், ஆகும். அதைவிட வேகமாக எலக்ட்ரான்கள் வந்துகொண்டிருந்தால் மின்புலம் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் உள்ளுக்குள்ளேயே உடைந்து, துடிப்பு ஒன்று நேராக மின்சுற்றுக்குள் பாயும்.

ஆகவே கோளாறு நேர்ந்த நாளின் கேபி குறியெண்ணைப் பார்த்து, அமைதியான நாள்தானே என்று பிளாஸ்மாவை விடுவித்துவிடாதீர்கள். முந்தைய பத்து நாள்களின் எலக்ட்ரான் பாய்வைப் பாருங்கள். சூரியனின் ஒளிவட்டத் துளைகளிலிருந்து வரும் வேகமான சூரியக் காற்று பூமியைத் தாக்கி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் இந்த எலக்ட்ரான்கள் பெருகும். 20 லட்சம் எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்டவற்றின் பாய்வு 1000 அலகைத் (ஒரு சதுர செ.மீ.க்கு, ஒரு நொடிக்கு, ஓர் அலகு திண்மக்கோணத்துக்கு வரும் எண்ணிக்கை) தாண்டினால் எச்சரிக்கை விடுவது வழக்கம். பொறியியல் கையேடுகள் பத்து மணி நேரத்தில் ஒரு சதுர செ.மீ.யில் ஆயிரம் கோடி எலக்ட்ரான்கள் சேர்வதை அபாய எல்லையாகக் கொள்கின்றன. சூரியன் பூமியிலிருந்து பார்க்க 27 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவதால், உங்கள் பதிவேட்டில் ஒத்த கோளாறுகள் ஏறத்தாழ 27 நாள் இடைவெளியில் வருகின்றனவா என்று பார்ப்பது எளிய, ஆனால் வலுவான சோதனை.

1994 ஜனவரி 20, 21 தேதிகளில் கனடாவின் அனிக் இ-1, இ-2 ஆகிய இரண்டு தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களும் அடுத்தடுத்துத் திசைநிலையை இழந்தன. இரண்டிலும் பாதிக்கப்பட்டது, சுழன்று திசைநிலையைக் காக்கும் உந்தச் சக்கரத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று. இன்டெல்சாட்-கே என்ற செயற்கைக்கோளும் அதே 20-ஆம் தேதி தடுமாறி மீண்டது. வேகமான சூரியக் காற்றும் உயர்ந்த எலக்ட்ரான் பாய்வும் ஒரு வாரத்துக்கும் மேலாக நீடித்திருந்த பின்னர் நிகழ்ந்தவை இவை. இ-1 சில மணி நேரத்தில் மாற்றுச் சுற்றின் துணையால் மீண்டது. இ-2-இல் மாற்றுச் சுற்றும் இயங்காமல் போனதால், தரையிலிருந்தே உந்துபொறிகளைச் சிறுகச் சிறுக இயக்கி அதை நிமிர்த்தி வைக்கும் முறையை உருவாக்கப் பல மாதங்கள் ஆயின. ஒரே வடிவமைப்பு, ஒரே பாகம், ஒரே வாரம் என்று மூன்றும் கூடி வந்தால் உள்மின்னேற்றம் என்று தைரியமாக எழுதலாம்.

இத்தகைய சூழலில் தரையிலிருந்து மின்னூட்டத்தைக் களைய வழி கிடையாது. காப்புப் பொருளின் தடை குளிரில் மிகவும் உயரும் என்பதால், சந்தேகத்துக்குரிய பகுதியின் வெப்பமூட்டியை இயக்கி அதை அனுமதிக்கப்பட்ட எல்லையின் மேற்பகுதியில் வைத்திருப்பது ஓரளவு உதவும். மாற்றுச் சுற்று இருந்தால் அதுவும் அதே எலக்ட்ரான் மழையில்தான் நின்றிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். வரைபடங்களை எடுத்து, எதனோடும் இணைக்கப்படாமல் விடப்பட்ட உலோகத் துண்டு, பயன்படாத இணைப்பூசி, மண்ணிணைப்பு (செயற்கைக்கோளின் உலோகச் சட்டத்தோடு மின்னிணைப்பு) இல்லாத கவசத் தகடு ஆகியவற்றைத் தேடுங்கள். உள்மின்னேற்றம் பெரும்பாலும் அவற்றில்தான் குடியிருக்கும்.

பூமிக்கு மட்டும் உரியதன்று இந்த நோய். வாயேஜர்-1 விண்கலம் 1979 மார்ச்சில் வியாழனின் கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடந்தபோது அதன் சுற்று ஒன்று 42 முறை தானாகவே மறுதொடக்கம் ஆனது. பின்னர் நடந்த ஆய்வு அதை உள்மின்னேற்றத்தின் விளைவாகவே கண்டது.

அறிகுறி: சூரியத் தகட்டின் மின்சாரம் குறைகிறது

குறைவின் வடிவத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் மெல்லச் சரிந்தால் அது கதிர்வீச்சால் வரும் இயல்பான மூப்பு. ஓரிரு நாளில் சில விழுக்காடு சரிந்தால் சூரியப் புரோட்டான் வெள்ளத்தைத் தேடுங்கள். ஒரே அளவீட்டுக்கும் அடுத்த அளவீட்டுக்கும் இடையில், சரியாக ஒரு கலத்தொடரின் (வரிசையாக இணைத்த சூரியக் கலங்களின்) மின்னோட்டத்துக்குச் சமமான படி ஒன்று இறங்கி, திரும்பி வரவே இல்லையென்றால், நிலைத்த மின்வில் தாக்கியிருக்கிறது.

உலோகமும் காப்புப் பொருளும் பிளாஸ்மாவும் ஒரே புள்ளியில் சந்திக்கும் இடத்தில் சிறு மின்பொறி எழும். அதன் ஆற்றல் அற்பமானது, நுண்ணொடிகளில் அணைந்துவிடும். ஆனால் பக்கத்துக் கலத்தொடர்களுக்கு இடையே போதிய அழுத்த வேறுபாடு இருந்தால், அந்தப் பொறி உண்டாக்கிய ஆவியின் வழியே தகட்டின் மின்சாரமே பாய்ந்து வில்லுக்குத் தீனி போடும். அடியிலுள்ள கப்டான் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அந்தக் குறுக்கிணைப்பு நிரந்தரமாகும். 1997-இல் ஏவப்பட்ட டெம்போ-2, பிஏஎஸ்-6 ஆகிய செயற்கைக்கோள்களின் உயர் அழுத்தத் தகடுகளில் இதுவே நேர்ந்தது. அதன்பின் கலங்களுக்கிடையே சிலிக்கோன் பசை நிரப்புவதும், அழுத்த வேறுபாடு கூடிய தொடர்களை அருகருகே வைக்காமல் தவிர்ப்பதும் நடைமுறைக்கு வந்தன. இழந்த தொடரை மீட்க முடியாது; மீதமுள்ள தொடர்களில் தேவைக்கு மேற்பட்டவற்றைக் கலக்கமான மணி நேரங்களில் குறுக்கிணைத்து வைத்து அழுத்தத்தை இறக்கினால் மற்றவை தப்பும்.

தாழ்பாதையில் பிளாஸ்மா குளிர்ந்தது, அடர்ந்தது. அங்கே தகட்டின் சொந்த மின்னழுத்தமே தொல்லை தருகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் தகடுகள் 160 வோல்ட்டில் இயங்குவதால், அதன் உலோகச் சட்டம் சூழ்ந்த பிளாஸ்மாவைவிட நூறு வோல்ட்டுக்கும் கீழே போகக்கூடிய வாய்ப்பு உண்டு. வெளியே நடக்கும் வீரரின் பாதுகாப்புக்காக அதை 40 வோல்ட்டுக்குள் கட்டிவைக்கவே அங்கே செனான் வாயுவைக்கொண்டு இயங்கும் பிளாஸ்மா உமிழிகள் பொருத்தப்பட்டுள்ளன.

துருவப் பாதையில் போகும் செயற்கைக்கோளில் படி இறங்கினால், அந்த நொடியில் அது துருவ ஒளி வளையத்துக்குள் இருந்ததா என்று பாருங்கள். அந்த வளையத்தைக் கடக்கும் சில நொடிகளிலேயே அமெரிக்காவின் டிஎம்எஸ்பி வானிலைச் செயற்கைக்கோள்கள் பல நூறு வோல்ட் எதிர்மின்னேற்றம் அடைந்ததை அவற்றின் கருவிகளே அளந்துள்ளன. ஜப்பானின் மிடோரி-2 செயற்கைக்கோள் 2003 அக்டோபர் இறுதியில், சூரியன் கடுமையாகக் கொந்தளித்த நாள்களில், சில நிமிடங்களுக்குள் 6 கிலோவாட்டிலிருந்து 1 கிலோவாட்டுக்கு இறங்கி, பின் முற்றிலும் அமைதியானது. மண்ணிணைப்பு இல்லாத வெப்பக்காப்புப் போர்வை துருவ ஒளி எலக்ட்ரான்களால் மின்னேறி, அது சுற்றியிருந்த மின்கம்பிக் கட்டுக்குள் மின்வில் எழுந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வின் முடிவு. ஒரு போர்வையை மண்ணிணைக்க ஒரு சிறு கம்பி போதுமே என்ற ஆற்றாமை, இதை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்கு எழுகிறது.

அறிகுறி: துகள் அளவிக் கருவியின் தரவு விசித்திரமாக இருக்கிறது

கருவியைக் குறை சொல்லும் முன் படத்தை உற்றுப் பாருங்கள். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் ஆற்றல் என்று வண்ணத்தில் வரைந்த அயனிப் படத்தில், குறிப்பிட்ட ஆற்றலுக்குக் கீழே முழு இருட்டாகவும், அந்த எல்லையில் மெல்லிய பிரகாசமான கீற்று ஒன்று நெளிந்து செல்வதாகவும் தெரிந்தால், செயற்கைக்கோள் எதிர்மின்னேற்றம் அடைந்திருக்கிறது என்று பொருள். அருகிலுள்ள குளிர்ந்த அயனிகள் அதன் மின் ஈர்ப்பால் விழும்போது எல்லாம் ஒரே அளவு ஆற்றலைப் பெற்று வருகின்றன. கீற்று 800 எலக்ட்ரான்வோல்ட்டில் இருந்தால் உடலின் அழுத்தம் 800 வோல்ட் எதிர்மின். மின்னழுத்தமானி எதுவும் இல்லாத செயற்கைக்கோளிலும் கிடைக்கும் நேரடி அளவீடு இது.

நிலவைச் சுற்றும் கலங்களின் தரவைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். நிலவுக்குக் காற்று மண்டலமும் இல்லை, பூமியைப் போன்ற காந்தக் கவசமும் இல்லை என்பதால் அதுவே பிளாஸ்மாவில் மிதக்கும் பெரிய மின்கடத்தாப் பொருள். அதன் பகல் பக்கம் சில வோல்ட் நேர்மின்னிலும், இருண்ட பக்கம் நூற்றுக்கணக்கான வோல்ட் எதிர்மின்னிலும் இருக்கும். பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் நிலவு பூமியின் காந்தவாலைக் கடக்கும்போது, அங்குள்ள சூடான பிளாஸ்மாவால் அது ஆயிரம் வோல்ட்டையும் தாண்டலாம் என்று நிலவைச் சுற்றிய லூனார் பிராஸ்பெக்டர் விண்கலம் காட்டியது. நிலவின் பரப்பிலிருந்து மேல்நோக்கி வரும் ஹைட்ரஜன் அணுக்களையும் கருவியின் இரைச்சல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்: பரப்பில் மோதும் சூரியக் காற்றுப் புரோட்டான்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை மின்னூட்டமற்ற ஹைட்ரஜனாகத் திரும்புகின்றன என்று சந்திரயான்-1-இன் சாரா கருவி கண்டறியும் வரை, அவை அனைத்தும் மண்ணிலேயே அடங்கிவிடும் என்றே நம்பப்பட்டது. சந்திரயான்-3 தரையிறங்கிய இடத்தில் பரப்பருகே இருந்த பிளாஸ்மா, கன மீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி எலக்ட்ரான்கள் என்ற அளவில் மிகவும் மெலிந்திருந்தது. இவ்வளவு மெலிந்த சூழலில் தரையிறங்கியின் சொந்த உடலிலிருந்து கிளம்பும் ஒளிமின் எலக்ட்ரான்களும் அளவீட்டில் கலக்கும் என்பதால், வெயில் படும் கோணம் மாறும்போது அளவும் மாறுகிறதா என்பதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

அறிகுறி: செயற்கைக்கோள் நலமாக இருக்கிறது, ஆனால் சிக்னல் துடிக்கிறது

இரவு 7 மணிக்கு மேல் நள்ளிரவு வரை, ஜிபிஎஸ் அல்லது இந்தியாவின் இடங்காட்டி அமைப்பான நேவிக் வாங்கியில் சில செயற்கைக்கோள்களின் சிக்னல் மட்டும் நொடிக்கு நொடி ஏறி இறங்கினால், பழுது வாங்கியிலும் இல்லை, செயற்கைக்கோளிலும் இல்லை. காந்த நடுக்கோட்டின்மேல் சூரியன் மறைந்தபின் அயனிமண்டலத்தின் அடிப்பகுதியிலிருந்து மெலிந்த பிளாஸ்மாக் குமிழிகள் மேலெழுந்து வடக்கும் தெற்குமாக விரிகின்றன. அவற்றின் ஊடே வரும் அலைகள் சிதறித் துடிக்கின்றன. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்வதால்தான் 1963-இல் முதல் ராக்கெட்டுக்குத் தும்பா தேர்வானது. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அமைந்ததற்கும் இதுவே காரணம். மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டிய மாதங்களிலும், சூரியச் செயல்பாடு உச்சத்திலுள்ள ஆண்டுகளிலும் இது கூடும். வானத்தின் வேறு திசையிலுள்ள செயற்கைக்கோள்களின் சிக்னல் நிலையாக இருந்தால் குமிழிதான் என்பது உறுதி. அதிர்வெண் கூடக் கூடத் துடிப்பு குறையும் என்பதால், ஜிபிஎஸ் பயன்படுத்தும் எல் பட்டையில் மட்டும் தெரிந்து அதைவிட உயர்ந்த கேயூ பட்டையில் தெரியாமலிருப்பதும் நல்ல சான்று. அந்த நேரத்தில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய முயல்வது, சரியாக இருந்ததையும் கெடுத்துவிடும்.

அறிகுறி: உயரம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைகிறது

புயல் நாள்களில் துருவப் பகுதிகளில் பாயும் மின்னோட்டங்கள் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி விரிக்கின்றன, இழுவிசை கூடுகிறது. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38, ஏறத்தாழ 210 கி.மீ. உயரத்திலிருந்து மேலேற முடியாமல் எரிந்துபோயின. அது மிதமான புயல்தான். உயரம் குறைந்தால் விளிம்பைக் காற்றுக்குக் காட்டும்படி திசைநிலையை மாற்றுவதே முதல் உதவி.

அறிகுறி: நினைவகத்தில் ஒரே ஒரு பிட் மாறியிருக்கிறது

இது மின்னேற்றம் அன்று. ஆற்றல் மிக்க ஒற்றைப் புரோட்டான் அல்லது கனமான அயனி சில்லை ஊடுருவியதன் விளைவு. தாழ்பாதையில் இவை தென் அட்லாண்டிக்கின் மேலே குவியும். நிகழ்ந்த இடங்களை உலக வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தாலே தெரிந்துவிடும். பிட்டைத் திருத்தி எழுதினால் போதும். விண்மீன் நோக்கியின் படத்தில் வெண்புள்ளிகள் பெருகுவதும் இந்த வகையே.

எதிலும் பொருந்தாதபோது

1998 மே 19 அன்று கேலக்ஸி-4 தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் திசைநிலையை இழந்தது. அமெரிக்காவின் பேஜர்களில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஊமையாயின. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஆற்றல் மிக்க எலக்ட்ரான்களின் பாய்வு உண்மையிலேயே உயர்ந்திருந்ததால், உள்மின்னேற்றமே காரணம் என்று எழுதிய அறிவியலாளர்களும் உண்டு. ஆனால் இயக்கியவர்களின் ஆய்வு வேறொன்றைச் சொன்னது: வெள்ளீயப் பூச்சிலிருந்து முளைத்த நுண்ணிழைகள் கட்டுப்பாட்டுக் கணினியின் சுற்றைக் குறுக்கிணைத்துவிட்டன. அதே வடிவமைப்பிலான வேறு செயற்கைக்கோள்களிலும் அதே கணினி, எலக்ட்ரான் பாய்வோடு தொடர்பில்லாத வெவ்வேறு நாள்களில், செயலிழந்தது அந்த முடிவுக்கு வலுச் சேர்த்தது.

ஆகவே சூழல் தரவு பொருந்துகிறது என்பதற்காக மட்டும் காரணத்தை எழுதி மூடிவிடாதீர்கள். மின்னிறக்கம் என்றால் துடிப்பு எந்தக் கம்பி வழியே எந்தச் சுற்றுக்குள் நுழைந்தது என்ற பாதையை வரைபடத்தில் காட்ட முடிய வேண்டும். அதே சூழலில் நின்ற உடன்பிறப்புச் செயற்கைக்கோள்கள் ஏன் தப்பின என்பதற்கும் விடை வேண்டும். இரண்டும் கிடைக்கவில்லையென்றால் பதிவேட்டில் காரணம் உறுதியாகவில்லை என்று எழுதி, உள்ளூர் நேரம், நிழலிலிருந்து வெளிவந்த நேரம், முந்தைய பத்து நாள்களின் எலக்ட்ரான் பாய்வு, பாகத்தின் வெப்பநிலை ஆகிய நான்கையும் அதே பக்கத்தில் இணைத்து வையுங்கள். அதே பாகம் இரண்டாம் முறை தடுமாறும்போது முதலில் திறக்கப்படுவது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.